இறை என்னும் பெயர்

அந்தக் காலத்தில் மானும் மைனாவும் மனிதரோடு பேசும். படைத்தவருக்குத்தான் அப்போது பெயரே கிடையாது.

மழை பொய்த்த ஒரு கோடையில், மாராயியின் கிணற்றைத் தவிர மற்றவை எல்லாம் வற்றிவிட்டன. அதிலும் அடியில் கொஞ்சம்தான் ஊறியது. மாராயி கயிற்றில் தோண்டியைக் கட்டி இழுத்து ஊற்றுவாள். அவள் கணவன் செங்கோடன் வாய்க்காலில் நின்று தினைப் பயிருக்கு நீரைத் திருப்பிவிடுவான். நீர் மெலியும்போதெல்லாம், "இறை, இறை" என்று காடெல்லாம் கேட்க அவளுக்குக் குரல் கொடுப்பான்.

ஒருநாள் குட்டியோடு ஒரு பெண்மான் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் கேட்டது. அதன் பின்னால் நரியும் முயலும் பறவைகளும் நா வறண்டு நின்றன. மாராயி தோண்டியைக் கல்தொட்டியில் கவிழ்த்தாள்.

செங்கோடன் ஓடிவந்தான். "பயிர் காஞ்சா நாம எதைத் தின்னறது?"

"எனக்கும் அந்தப் பயம் இருக்குதுங்க. ஆனா இதுக வாய்விட்டுக் கேட்டுப்போட்டு நிக்குதே."

அவன் வெகுநேரம் பயிரைப் பார்த்தான். பிறகு, தோல் உரிந்த அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கித் தானே இழுத்தான். அந்தக் கோடை முழுக்க விலங்குகள் குடித்தன. தினை கருகிப்போனது. விதைக்குக்கூட மிஞ்சவில்லை.

மழை வந்தபோது வெறும் வயலைப் பார்த்து மாராயி அழுதாள். மறுநாள் காலையில் வானம் இருண்டது போலப் பறவைகள் வந்தன. தூரத்து மலையிலிருந்து அலகில் கொண்டுவந்த தினையை ஈர மண்ணெங்கும் இறைத்தன. மான் அவள் முன் தலை தாழ்த்தி, "இறையே, பிழைத்தோம்" என்றது. செங்கோடன் கூப்பிட்டதைக் கேட்டு, அதுதான் அவள் பெயர் என்று விலங்குகள் நினைத்திருந்தன.

மாராயிக்குக் கண் நிறைந்தது. "நான் கயிறு இழுத்தவ. அத்தனை ஆழத்துல தண்ணிய வெச்சவர் வேற ஒருத்தர். அவரைச் சொல்லுங்க."

"அவர் பெயர் என்ன?"

"தெரியாது."

"அப்படியென்றால் இந்தப் பெயர் அவருக்கே இருக்கட்டும்" என்றது மான்.

கிணற்று நீரை மொண்டு ஊற்றுவதும் இறைப்பது, மண்ணில் விதையை வீசுவதும் இறைப்பது, நமக்குத் தெரியாமலே நமக்கென்று எடுத்துவைத்தவரும் இறை என்றானது அன்று முதல்தான்.