துடுப்புக்குள் ஐந்து விரல்

கடற்கரை மணலோடு போய் முடிகிற ஒரு காட்டில் அலங்காரி என்றொரு பெண் யானை இருந்தது. கூட்டத்துக்கு அதுதான் தலைவி. உறவு என்றால் அதற்கு உயிர். யானை இனத்தில் யார் விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்கிவிடும். செத்த யானையின் எலும்பு வழியில் கிடந்தால்கூட நின்று, தும்பிக்கையால் தடவிக்கொடுத்து, தழை போட்டு மூடிவிட்டுத்தான் நகரும். ஆனால் யானை அல்லாத எதையும் ஏறெடுத்தும் பார்க்காது. கேடு அங்கேதான் வந்தது, குழந்தைகளே.

அமாவாசைக்கு மறுநாள் காலை கூட்டம் கடற்கரைக்கு வந்தபோது, மேட்டு மணலில் ஒரு கடற்பசு கிடந்தது. உருண்டையான உடம்பு, முன்னால் இரண்டு துடுப்பு, பின்னால் மீனைப் போல வால். இரவு பொங்கிய அலை அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கிப் போயிருந்தது. தண்ணீருக்குள் அதன் குட்டி தலையை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா! என்னைக் கொஞ்சம் தள்ளிவிடுங்கள்" என்று கெஞ்சியது கடற்பசு. "பௌர்ணமி வரைக்கும் கடல் இந்த மேட்டுக்கு ஏறாது. அதுவரைக்கும் என் உயிர் தாங்காது. என் குட்டி இன்னும் பால் மறக்கவில்லை."

"அக்காவா? யாருக்கு யார் அக்கா?" என்று முகத்தைச் சுளித்தது அலங்காரி.

"எத்தனையோ ஆயிரம் தலைமுறைக்கு முன்னால் நம் இருவருக்கும் ஒரே தாய். அவள் பிள்ளைகளில் சிலர் கரையிலேயே நின்றுவிட்டார்கள். சிலர் புல்லைத் தேடித் தண்ணீரில் இறங்கினார்கள். இன்றைக்கும் நான் கடலடியில் புல்தான் மேய்கிறேன். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மடி பின்னங்காலுக்கு நடுவில் இருக்கிறது. எனக்கோ நெஞ்சில், முன்னங்கால் இடுக்கில். உங்களுக்கு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!"

யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவற்றுக்கும் நெஞ்சில்தான்.

"அட, ஆமாம் பெரியம்மா!" என்றது ஓர் இளம் யானை. அலங்காரிகூட ஓர் அடி முன்னால் எடுத்து வைத்துவிட்டது.

புதருக்குள் பசியோடு படுத்திருந்த நரிக்குப் பகீரென்றது. கைக்கு வந்த விருந்து கடலுக்குப் போய்விடுமே! துள்ளி வெளியே வந்தது.

"தலைவி, உங்கள் குலம் எங்கே, இந்த மீன் எங்கே! முன்னங்கால் என்கிறதே, எங்கே, அந்தக் காலைக் காட்டச் சொல்லுங்கள்."

கடற்பசு சிரமப்பட்டுத் துடுப்பைத் தூக்கியது.

"இதுவா கால்? விரல் எங்கே?"

"உள்ளே இருக்கிறது. ஐந்து விரல். மடக்கினால் எனக்குத் தெரிகிறது."

"உள்ளே இருப்பதை யார் கண்டது?" என்று பல்லைக் காட்டியது நரி. "நாளைக்கு ஒரு நண்டு வந்து, எனக்குள்ளும் தும்பிக்கை இருக்கிறது என்று சொல்லும். தலைவி அதற்கும் அக்காவா?"

இளம் யானைகள் கொல்லென்று சிரித்துவிட்டன. அலங்காரிக்கு மானம் போனதுபோல் ஆகிவிட்டது.

"கண்ணால் பார்க்காததை நான் நம்புவதில்லை" என்று சொல்லித் திரும்பி நடந்தது.

"அக்கா, உறவு வேண்டாம், போகட்டும். குட்டி முகத்தைப் பார்த்தாவது..."

அலங்காரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாவி, ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

வெயில் ஏறியது. தண்ணீரில் மிதந்து பழகிய உடம்பு கரையில் தன் பாரத்தாலேயே தன் நெஞ்சை நசுக்கியது. பொழுது சாய்வதற்குள் கடற்பசு செத்துப்போயிற்று. நரி தன் சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிவந்து வயிறு முட்டத் தின்றது. குட்டி சில நாள் கரையோரம் வந்து கத்தியது. பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு கூட்டம் அதே வழியில் வந்தது. மணலில் எலும்புகள் வெளுத்துக் கிடந்தன. அலங்காரி பழக்கப்படி நின்று தும்பிக்கையை நீட்டியது. தடித்த தோல் வெயிலில் உரிந்துபோன அந்தத் துடுப்பைத் தொட்டதும் தும்பிக்கை அங்கேயே நின்றது. உள்ளே வரிசையாக ஐந்து விரல்கள். செத்துப்போன தன் தாயின் கால் எலும்பில் அது தடவி அறிந்த அதே வரிசை.

அலங்காரி காட்டுக்குள் போய்த் தழை ஒடித்து வந்து அந்த எலும்புகளை மூடியது.

"மீன் எலும்புக்கா இவ்வளவு மரியாதை?" என்றது அங்கே வந்த நரி.

"நீ பசிக்காகப் பேசினாய். உன் பேச்சை நான் எதற்காகக் கேட்டேன்?" என்றது அலங்காரி. அதன் கண்ணில் நீர் வழிந்தது.

பிறகு அலை ஓரத்தில் போய் நின்று, "கண்ணே, உன் பெரியம்மா வந்திருக்கிறேன், வா!" என்று இருட்டும்வரை கூப்பிட்டது. கடலிலிருந்து ஒரு தலையும் எழவில்லை.

நீதி: உயிர் போகும் நேரத்தில் உறவுக்குச் சாட்சி கேட்டால், சாட்சி கிடைக்கும்போது உறவு இருக்காது.