எல்லாரையும் காட்டிய பக்கம்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான். ஒரு சொல் மாறிப்போனாலும் என்னைத்தான் குறை சொல்வார்கள். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புருஷனை விட்டு வந்த பெண்களுக்கென்று ஈரோட்டில் ஒரு சங்கம். அங்கே நான் சமைக்கிறேன். நானும் அப்படி வந்தவள்தான்.

சங்கத்துக்கு இணையதளம் செய்தவர் குப்புராஜ். அதில் எங்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம். வயது நாற்பத்தைந்து. அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் ரெஜினா. வயது இருபத்தாறு.

குப்புராஜ் கோபமாக வந்தார்.

"ஏற்கெனவே எழுதி வெச்சதைத் திரும்ப எழுதாதீங்கன்னு சொன்னது நீங்கதானுங்க மேடம். பக்கம் காட்டறதுக்குன்னு ரெடியா எழுதி வெச்ச ஜெனரிக் வியூவை எடுத்தேன். எந்தப் பட்டியலைக் காட்டணும்னு பேர் சொன்னேன். மிச்சத்தை அதுவே பாத்துக்குது. நாலே வரி. நேத்தே ஏத்திட்டேன். அதைப் போய் ஏன் வேண்டாங்கறீங்க?"

ரெஜினா சமையலறைப் பக்கம் திரும்பினாள். என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, போன்ல உங்க பக்கத்தைத் திறங்க."

திறந்தேன்.

"மேல லிங்க் இருக்கில்ல, அதுல கடைசி நம்பர் என்ன?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்திரண்டு ஆக்குங்க."

ஆக்கினேன். என்னைப்போலவே சங்கத்துக்கு வந்த செல்லக்கிளியின் பக்கம் வந்தது. அவள் குடியிருக்கும் தெரு. கதவு எண். பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம்.

அடுப்பில் குழம்பு இருந்தது. நான் போகவில்லை.

"என்னோடதும் இப்படித்தான் வருமா?"

"லாகின் பண்ணுனவங்களுக்கு மட்டும்தானுங்க்கா" என்றார் குப்புராஜ்.

"யாரு லாகின் பண்ணலாம்?"

"போன் நம்பர் இருந்தா யார் வேணும்னாலும்."

"எங்க வீட்டுக்காரர்கிட்டயும் போன் இருக்கு."

நான் போனை அவர் முன்னால் நீட்டினேன்.

"மூணு வருசமா பஸ்ஸுல முகத்தை மூடிக்கிட்டுத்தான் வர்றேன். நீங்க நாலு வரியில என் கதவு நம்பரைக் காட்டிட்டு, அதுக்குப் பாராட்டு வேற கேக்கறீங்க."

"அது நான் எழுதினதில்லீங்க்கா. ஜெனரிக் வியூவே அப்படித்தான்."

ரெஜினா அவர் பக்கம் திரும்பினாள்.

"அது உங்களை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சுங்ண்ணா. யாரையெல்லாம் காட்டணும்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

குப்புராஜ் தன் நாலு வரியைத் திரும்பப் படித்தார்.

"எல்லாரையும்னு" என்றார்.

உட்கார்ந்து இன்னொரு வரி எழுதினார். அவரவர் பக்கம் அவரவருக்கு மட்டும். நான் மறுபடி நாற்பத்திரண்டு போட்டேன். பக்கம் இல்லை என்று வந்தது.

"இனிப் பயமில்லீங்க்கா" என்றார் குப்புராஜ்.

என் பக்கத்தைத் திறந்தேன். தெருவையும் கதவு எண்ணையும் அழித்தேன். அந்த இடத்தில், "நேரில் கேட்கவும்" என்று எழுதி வைத்தேன்.