நீலப் பனிக்கட்டி ஏன் வெடித்துக் கரைகிறது

அந்தக் காலத்தில் பனிக்கும் வாய் இருந்தது, காற்றுக்கும் வாய் இருந்தது. வடக்கே ஒரு பெரிய மலை. அதன் உச்சிப் பள்ளத்தில் முதல் ஆளாக வந்து இறங்கியவள் வெண்ணி என்கிற பனிப்பூ. ஆறு கையையும் விரித்துப் போட்டு ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தாள். நல்லவள்தான். ஆனால் யாரிடமும் "முடியாது" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஒருநாள் குட்டிக் காற்று ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். பேர் ஊதல். அவளுடைய அம்மா மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள்.

"அக்கா, அம்மா வர்ற வரைக்கும் உன் கைக்குள்ள இருந்துக்கட்டுமா?"

"இருடி கண்ணு. அம்மா குரல் கேட்டதும் திறந்து விட்டுடறேன்" என்றாள் வெண்ணி.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பனி இறங்கியது. "அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்." வெண்ணி ஒரு கையை மடக்கினாள். மறுநாள் ஒரு கூட்டமே வந்தது. "ஏம்மா, கையை நீட்டிக்கிட்டு இடத்தையெல்லாம் வளைச்சுப் போட்டிருக்கியே, நல்லாவா இருக்கு?" வெண்ணிக்கு வெட்கமாகப் போயிற்று. இன்னும் நான்கை மடக்கினாள். பக்கத்தில் இடம் தீர்ந்ததும் வந்தவர்கள் மடியில் ஏறினார்கள்.

"அக்கா, இடிக்குது" என்றாள் ஊதல்.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. எழுந்திருங்கன்னு எப்படிச் சொல்றது? தப்பா நினைச்சுக்குவாங்க."

மிச்சமிருந்த ஆறாவது கைதான் ஊதலுக்கு வாசல். கடைசியாக வந்த ஒரு கிழட்டுப் பனி அதையும் கேட்டது. வாசல் என்று தெரிந்தேதான் வெண்ணி அதை மடக்கினாள். அடிப் பாவி, அந்த ஒரு தடவையாவது மறுத்திருக்கக் கூடாதா!

நூறு குளிர்காலம் போயிற்று. தலைமேல் தாங்க முடியாத கனம். மடங்கிய கைகள் பக்கத்திலிருந்தவர்கள் கைகளோடு இறுகி, யார் கை எது என்று தெரியாமல் ஒரே பாறையாகிவிட்டன. வெண்ணியின் வெள்ளை உடம்பு நீலம் பாரித்துவிட்டது. அப்போதுதான் மேலே அந்தக் குரல் கேட்டது.

"ஊதல்! ஏ ஊதல்! எங்கடி இருக்கே?"

"அம்மா வந்துட்டாங்க! அக்கா, கையைத் திற, சீக்கிரம் திற!"

வெண்ணி திமிறிப் பார்த்தாள். ஒரு விரல்கூட அசையவில்லை. அம்மா மூன்று நாள் உச்சியைச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"போயிட்டாங்களா?"

"திரும்பி வருவாங்கடி" என்று வெண்ணி பொய் சொன்னாள். அதற்குப் பிறகு ஊதல் அவளிடம் பேசவே இல்லை.

வெகுகாலம் கழித்துப் பாறை சரிந்தது. வெண்ணி உடைந்து அடிவாரத்து ஏரியில் வந்து விழுந்தாள். தலைமேல் இப்போது யாரும் இல்லை. இனிமேல் கை விரியும் என்று நம்பினாள். கைக்கோ விரிவதே மறந்துபோயிருந்தது. ஊதலை விடுவிக்க ஒரே வழிதான் பாக்கி.

"என்னை மன்னிச்சுடுடி" என்று சொல்லிவிட்டு வெண்ணி கரையத் தொடங்கினாள்.

'பட்' என்று ஒரு சத்தம். ஊதல் வெளியே வந்து "அம்மா, அம்மா" என்று ஏரியைச் சுற்றி ஓடினாள். அம்மாக் காற்று அங்கே இருந்தால் அலை எழும்பியிருக்கும்; ஏரியில் அன்றைக்கு ஒரு அலைகூட இல்லை.

அன்று முதல்தான் மலையின் அடியாழத்திலிருந்து வருகிற பழைய பனிக்கட்டி நீலமாக இருக்கிறது; தண்ணீரில் விழுந்தால் பட், பட்டென்று வெடித்துக் கரைகிறது, உள்ளே இருந்தவளும் வெளியே வந்து, எப்போதோ போய்விட்ட அம்மாவைக் கூப்பிடுகிறாள்.