ஒன்றும் தராதவர்கள் கட்டிய பள்ளிக்கூடம்

வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை அதிரூபர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவதற்குக் கனகராயர் என்றொரு மந்திரி பக்கத்திலேயே இருந்தார்.

அந்த ஊரில் கல் உடைக்கிறவர்கள் தெருவில் சிலம்பாயி என்று ஒருத்தி. உளியும் சுத்தியலும்தான் அவள் பிழைப்பு. கல்வெட்டுச் செதுக்கிச் செதுக்கியே எழுத்துக் கற்றவள். தெருப்பிள்ளைகள் அறுபது பேரைப் புளியமரத்தடியில் உட்காரவைத்து மணலில் எழுதப் பழக்கினாள். மழை வந்தால் போச்சு. எழுத்து கரைந்துவிடும், பிள்ளைகள் கல் சுமக்கப் போய்விடுவார்கள். பாதிப் பேர் திரும்பி வருவதே இல்லை.

ஒரு நாள் நேரே சபைக்குப் போனாள். "பள்ளிக்கூடத்துக்கு நாலு சுவரும் ஒரு கூரையும் வேணும், ராஜா" என்றாள்.

கனகராயருக்குப் பொறுக்கவில்லை. சபையில் எழுதத் தெரிந்தவர் தாம் ஒருவர்தான் என்பது அவருடைய பெருமை. கல் உடைக்கிற தெருவில் அறுபது பேர் எழுதினால் அந்தப் பெருமை என்னாவது? ராஜாவின் காதில் ஒரு நிபந்தனையை ஓதினார்.

ராஜா சிரித்தார். "கட்டிக்கொள். ஆனால் யாரிடமும் கை நீட்டக் கூடாது, வாய் திறந்து கேட்கவும் கூடாது. ஐப்பசி மழைக்குள் கூரை ஏறாவிட்டால் அந்த இடத்தில் என் யானைக்குக் கொட்டில்!"

"சரி, கேட்கலை" என்று சொல்லிவிட்டு, ஒரு கும்பிடுகூடப் போடாமல் திரும்பினாள் சிலம்பாயி.

வேங்கைநாட்டுப் பணக்காரர்களுக்கு ஒரு பழக்கம். கால்படி எண்ணெய் கொடுத்தாலும் கோயில் விளக்கில் 'உபயம்' என்று பேர் வெட்டிக்கொள்வார்கள். படி, தூண், மணி, மணியின் நாக்கு, எதையும் விட்டுவைக்கவில்லை. அதில் பாதி சிலம்பாயியே வெட்டியது. அந்தப் பேர்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கழித்துப்போட்ட கற்பலகைகளைக் கடைத்தெருவைப் பார்த்தாற்போல் வரிசையாக நிறுத்தினாள். ஒவ்வொன்றிலும் ஒருவர் பேரை ஒரு சாண் உயர எழுத்தில் செதுக்கினாள். ஒன்றில் இப்படி: 'அரிசி மண்டி ஏகாம்பரம் இந்தப் பள்ளிக்கு ஒன்றும் தரவில்லை.' படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டினார்கள்.

ஏகாம்பரம் வேட்டி அவிழ ஓடிவந்தார். "என்னம்மா அநியாயம்! என்கிட்ட நீ கேட்கவே இல்லையே?"

"கேட்கக் கூடாதுன்னு ராஜா உத்தரவு. பொய்யா எழுதியிருக்கேன்? சொல்லுங்க."

"அழி அதை!"

"கல்லுல வெட்டினது அழியுமா? பின்பக்கம் காலியாத்தான் இருக்கு."

சாயங்காலமே பத்து வண்டி செங்கல் வந்து இறங்கியது. சிலம்பாயி பலகையைத் திருப்பி நிறுத்தி, 'சுவர் உபயம் ஏகாம்பரம்' என்று செதுக்கினாள். அடுத்தடுத்துச் சுண்ணாம்பு வந்தது, கதவு வந்தது, சாந்தில் சேர்க்கக் கருப்பட்டிகூட வந்தது. கூரை மட்டும் பாக்கி.

கனகராயர் அவளைச் சபைக்கு இழுத்துவந்தார். "பிரபு, முதல் பலகையில் தங்கள் பேர்!"

ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "என்ன வெட்டியிருக்கிறாய்?"

"'ராஜா அதிரூபர் ஒன்றும் தரவில்லை. யானைக்குக் கொட்டில் கட்டுவேன் என்றார்.' அவ்வளவுதான்."

"உன் கையை வெட்டினால்?"

"வெட்டுங்க. அதையும் செதுக்கிவைக்க அறுபது பேர் இருக்காங்க. எழுத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

ராஜா அவளை முறைத்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் ராஜா மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் திரும்பினார்.

"கனகராயரே, நீர் என்ன கொடுத்தீர்?"

"பிரபு... அவள் என்னிடம் கேட்கவே இல்லையே!"

சபை கொல்லென்று சிரித்தது. கேட்கக் கூடாது என்று காதில் ஓதினவரே அவர்தானே! ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் ஊஞ்சல் மண்டபத்துக்கு வந்த தேக்கு முழுவதும் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். ஆட்களோடு சேர்ந்து நீரும் உத்திரத்துக்குத் தோள் கொடும். கடைத்தெரு வழியாகப் போங்கள்!"

மழைக்கு நாலு நாள் முன்னால் கூரை ஏறியது. ராஜாவே பார்க்க வந்தார். "இனி என் பலகையைத் திருப்பிவிடலாமே?"

சிலம்பாயி கூரையை அண்ணாந்து பார்த்தாள். "ஒரு மழை பெய்யட்டும், ராஜா. ஒழுகலைன்னா திருப்பறேன்."

அந்த வருஷம் உழவர்களைவிட ராஜாதான் வானத்தை அதிகம் பார்த்தாராம்.