கூப்பிட்டால் வராத மழை

காற்றும் மழையும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், மேற்கே மலைக்கும் கிழக்கே கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்தக் கரிசல் பூமிக்கு மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வேண்டும்போது மழை வந்தது. மேல்காற்று அண்ணன், மழை அவனுக்குத் தங்கை. நடந்தால் அவளுக்குக் கால் வலிக்கும் என்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் மலையைத் தாண்டி வருவான்.

யாராவது தன் வரப்பில் நின்று, மேற்கே பார்த்து "தாயி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். "எதுக்குக் கூப்பிட்டே?" என்று மழை கேட்பாள். விதைத்திருக்கிறேன், பயிர் வாடுகிறது, மாட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அவரவர் உள்ளதைச் சொல்வார்கள். அவள் வந்து வேண்டிய அளவு பெய்துவிட்டுப் போவாள். அவளிடம் அதுவரை யாரும் பொய் சொன்னதில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அங்கே சடையன் என்ற சம்சாரி ஒருவன் பயிர் வைத்துப் பிழைத்துவந்தான். அவன் மனைவி வீராயி. அவளுடைய அண்ணன் மூக்கனின் நிலம், இவர்கள் நிலத்துக்கு எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஒரு வருடம் சடையனின் கம்பு நன்றாகக் கதிர் விட்டிருந்தது. ஒரு மத்தியானம் மூக்கனின் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடையைக் கடந்து அதற்குள் இறங்கிவிட்டன. சடையன் ஓடிவந்து விரட்டுவதற்குள் தின்றது பாதி, மிதித்தது பாதி என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

அவன் நேராக மூக்கன் வீட்டுக்குப் போனான்.

"மச்சான், உங்க மாடு என் கம்பை அழிச்சுப்போட்டுது. வந்து பாருங்க."

மூக்கனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் தணிந்துபோக அவனுக்கு மனம் வரவில்லை.

"மாட்டுக்கு வரப்பு தெரியுமா மாப்பிள்ளை? வேலி அடைக்கிறது உங்க வேலை" என்றான். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அன்று சடையன் சாப்பிடவில்லை. "எங்க அண்ணன் வாய்தான் அப்படி, மனசு அப்படி இல்ல. நான் போய்ப் பேசுறேன்" என்றாள் வீராயி.

"அந்த வாசலை நீ மிதிச்சா, இந்த வாசலுக்கு வராதே" என்றான் அவன்.

மூக்கன் வீட்டில் அறுப்பு நடந்தது. அறுத்த கதிர்கள் களத்தில் போராகக் குவிந்தன. கதிரில்லாத வெறும் தட்டை மட்டும் நின்ற தன் நிலத்திலிருந்து பார்த்தால் சடையனுக்கு அந்தப் போர் தெரியும். நாளுக்கு நாள் அது உயர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவன் நெஞ்சு எரிந்தது. ஒருநாள் உச்சிப்பொழுதில் அவன் வரப்பில் ஏறி நின்று மழையைக் கூப்பிட்டான்.

மலைக்கு அப்பாலிருந்து அவள் கேட்டாள். "எதுக்குக் கூப்பிட்டே, சடையா?"

"பயிர் கருகுது தாயி."

"போன வாரம் நான் அந்தப் பக்கம் போனேனே. கதிரெல்லாம் முத்தியிருந்துச்சு, அறுப்பு சமயம் மாதிரி தெரிஞ்சுதே" என்றான் மேல்காற்று.

"யாரும் இன்னும் அறுக்கல. ஊரே உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கு. கொஞ்சம் பெஞ்சாப் பத்தாது தாயி, ஓடை நிறையப் பெய்யணும்."

"பயிர் வச்சவன் சொல்றான் அண்ணே, அவனுக்குத் தெரியாததா?" என்று சொல்லித் தங்கை தோளில் ஏறிக்கொண்டாள்.

வானம் கறுத்தது. முதல் துளிகள் விழுந்தபோது மூக்கனின் களத்திலிருந்து கூச்சல் கேட்டது. பனைமரத்தடியில் நின்ற சடையனுக்கு அந்தச் சத்தம் இதமாக இருந்தது. பிறகு எதிரில் இருந்த நிலமே தெரியாதபடி மழை கொட்டியது. ஓடை இரண்டு கரையும் தொட்டுக் கரிசல் நிறத்தில் ஓடியது.

மழை கொஞ்சம் விட்டபோது எதிர்க்கரையில் மூக்கன் ஓடிவருவது தெரிந்தது. சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்துச் சடையன் ஒரு தடியைக் கையில் எடுத்தான்.

மூக்கன் கரையில் நின்று, "மாப்பிள்ளை, வீராயி வந்து சேர்ந்தாளா?" என்று கேட்டான்.

சடையனுக்கு விளங்கவில்லை.

"காலையில களத்துக்கு வந்தா. நான் அன்னைக்குப் பேசினது தப்புதான்னு அவகிட்டச் சொன்னேன். விளைஞ்சதுல பாதி உங்களுக்குன்னு சொல்லி, முதல்ல ஒரு கூடை கம்பைக் கொடுத்துவிட்டேன். மழைக்கு முன்னாலதான் கிளம்பினா. வந்துட்டாளா?"

சடையன் கையிலிருந்த தடியைப் போட்டுவிட்டு ஓடையின் போக்கிலே ஓடினான்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் அவள் கிடைத்தாள். வெகுதூரம் கீழே, ஒரு மருதமரத்தின் வேரில் சிக்கிக் கிடந்தாள். இரண்டு பேரும் அவளைத் தூக்கிக் கரையில் கிடத்தினார்கள். மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?" என்று கேட்டாள்.

"என் பொஞ்சாதி."

"நான் வர்றது உனக்குத் தெரியுமே, சடையா. இவகிட்ட ஏன் சொல்லல?"

சடையன் நடந்ததை நடந்தபடியே சொன்னான். மூக்கன் அதைக் கேட்டுக்கொண்டே வீராயியின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். கையை ஓங்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை.

தூறல் நின்றது.

"என்னால ஒரு உசிரு போச்சு" என்றாள் மழை. "நாளைக்கு இன்னொருத்தன் கூப்பிடுவான். அவன் சொல்றது மெய்யா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்? இனி நான் யார் குரலுக்கும் வரமாட்டேன்."

"தப்பு என்னோடது தாயி. நீ வராம விட்டா ஊரே சுடுகாடாப் போயிரும்."

"வராம விடமாட்டேன். வருசத்துக்கு ஒரு தடவை, எனக்குத் தோணுற நேரத்துல வர்றேன். கூடப் பெஞ்சாலும் குறைச்சுப் பெஞ்சாலும் ஏன்னு கேக்காதீங்க."

அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். மலையின் அந்தப் பக்கம் போனதும், "இறக்கிவிடு அண்ணே. அந்த ஓடையைத் தாண்டி இனி என்னால வர முடியாது" என்றாள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், அவள் கேட்கவில்லை. தன்னிடம் இருந்ததையெல்லாம் மலைக்கு அப்பாலே அழுது தீர்த்துவிட்டு, தெற்கே கடலோரமாகவே கால்நடையாகச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனாள்.

ஊரில் மழை இல்லாமல் ஆனி போயிற்று, ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. தாங்கள் கூப்பிட்டும் மழை வராததால், கடைசியாக அவளிடம் பேசிய சடையனைக் கூப்பிடச் சொல்லி ஊரார் கெஞ்சினார்கள். அவன் கூப்பிடவில்லை. புரட்டாசியில் வீட்டில் இருந்த விதையை எடுத்துப் போய், ஈரமே இல்லாத புழுதியில் விதைக்க ஆரம்பித்தான்.

மூக்கன் ஓடையைக் கடந்து வந்து வரப்பில் நின்றான்.

"மழை வருமா மாப்பிள்ளை?"

"தெரியாது மச்சான்."

மூக்கன் நிலத்துக்குள் இறங்கி, சடையன் மடியிலிருந்து ஒரு பிடி விதையை அள்ளித் தானும் தூவினான்.

ஐப்பசியில், யாரும் கூப்பிடாமல், கிழக்கே கடல் பக்கமிருந்து மழை வந்தாள்.

ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று தங்கையை மலைக்கு அப்பால் விட்டுவிட்டு, வெறும் புழுதியை வாரிக்கொண்டு இந்தப் பூமியில் அலைவதும், சம்சாரிகள் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டுக் கிழக்கு வானத்தைப் பார்த்துப் பேசாமல் இருப்பதும் அந்த வருடம் தொடங்கித்தான்.