குங்குமம் வைத்த திருகு

"பொற்கொடியை இன்னைக்கே அனுப்பிடுங்கம்மா. இல்லேன்னா நான் போறேன்."

வேதநாயகி ஆசிரமத்துக்கு வந்து பதினோரு வருஷம். மோட்டாரும் தண்ணீரும் அவள் பொறுப்பு. பொற்கொடி வந்து நாலு மாதம்தான். புருஷன் வீடும் இல்லை, பிறந்த வீடும் இல்லை என்று வந்தவள்.

குரு வயதில் வேதநாயகிக்கு இளையவர். ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் அம்மாதான். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"என்ன செஞ்சா?"

"மோட்டார்ல ரப்பர் குழாயைப் பிடிச்சிருக்கிற கிளிப்பை லூஸ் பண்றா. தினம் காலையில பார்த்தா ஒழுகுது. பொறுப்பு என் கையை விட்டுப் போகணும்னு பார்க்கிறா."

"கண்ணால பார்த்தீங்களா?"

"பார்க்க விடுவாளா? அதான் திருகு மேல குங்குமம் வெச்சேன். யார் தொட்டாலும் கலைஞ்சிடும்."

"கலைஞ்சிருந்ததா?"

"இல்லை."

குரு இப்போது நிமிர்ந்தார்.

"கலையலை. ஆனா நேத்தைவிட ஜாஸ்தியா ஒழுகுது. லூஸ் பண்ணிட்டு அவளே திரும்பக் குங்குமம் வெச்சிருக்கா, பாருங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம்!"

"ஒழுகினா நீங்க என்ன செய்வீங்க?"

"அரைச் சுற்று இறுக்குவேன். ஒழுகலைன்னாலும் சாயந்திரம் இன்னொரு அரைச் சுற்று. அவளை நம்ப முடியுமா?"

குரு எழுந்து போய் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். திருகி இறுக்கும் வளையக் கிளிப்புகள் உருண்டன. ஒல்லியானவை, அகலமானவை, பட்டையில் வரிவரியாகத் துளை வெட்டியவை, உள்பக்கம் வழவழப்பானவை.

"நம்ம குழாய்க்கு எது சரி? எடுங்க."

வேதநாயகி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரன் என்னத்தைப் பூசிக் கொடுத்தானோ என்று நகத்தால் சுரண்டினாள். கடைசியில் துளை வெட்டிய, விளிம்பு கூரான ஒன்றை எடுத்தாள்.

"இதுதான். இப்ப இருக்கிறதும் இதே மாதிரிதான். நல்லாக் கடிச்சுப் பிடிக்கும்."

குரு அதை வாங்கினார். வேதநாயகியின் மணிக்கட்டில் மாட்டினார். பொற்கொடியைக் கூப்பிட்டுத் திருப்புளியைக் கையில் கொடுத்தார்.

"இறுக்கு."

வேதநாயகி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. பட்டை தோலைத் தொட்டது. துளைகளில் சதை பிதுங்கியது.

"போதும்!"

பொற்கொடி சட்டென்று நிறுத்தினாள்.

"இன்னும் அரைச் சுற்று," என்றார் குரு. "நம்ப முடியுமா?"

"வேணாம்மா. அக்காவுக்கு வலிக்கும்."

பொற்கொடி குருவின் முகத்தைப் பார்க்கவில்லை. திருப்புளியை எதிர்ப்பக்கம் திருப்பினாள். கிளிப் தளர்ந்தது.

வேதநாயகியின் மணிக்கட்டில் வரிவரியாகச் சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திருப்புளியை வாங்கிக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனாள்.

குழாயில் இருந்த கிளிப்பைக் கழற்றினாள். ரப்பரில் அதே வரிகள். மூன்று இடத்தில் பட்டை அறுத்து உள்ளே போயிருந்தது.

அறுந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பி வந்தாள். தரையில் கிடந்தவற்றில் வழவழப்பான, அகலமான ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"பொற்கொடி, வா."

"எதுக்கு அக்கா?"

வேதநாயகி திருப்புளியை நீட்டினாள்.

"குழாய்ல நீ மாட்டு. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன்."