நாற்பத்தேழாம் நாள் ரசம்

“சாமி, தன்னை அறியாம செஞ்சதும் தப்புல சேருமா?”

கொடியில் வேட்டி உலர்த்திக்கொண்டிருந்த அடிகளார் திரும்பினார். மடத்துச் சமையல்காரர் மாசிலாமணி கையில் கரண்டியோடு நின்றார்.

“என்ன செஞ்சீங்க?”



நாளை மறுநாள் தைப்பூசம். அந்த மடத்தில் அடிகளார் வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான் தீட்சை கொடுப்பார். அதற்கு முன்னால் நாற்பத்தெட்டு நாள் விரதம். ஒரே வேளைச் சோறு, அதிலும் உப்பு கூடாது. உப்பு நாக்கில் பட்டால் விரதம் முறிந்தது. அடுத்த வருஷம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாசிலாமணிக்கு இது மூன்றாவது முயற்சி. போன வருஷம் முப்பதாம் நாள் காய்ச்சலில் விழுந்தார். அதற்கு முந்தின வருஷம் தங்கை தவறிப்போனாள். இப்போது வயது அறுபத்தாறு. அவர் குடும்பத்து ஆண்கள் யாரும் எழுபதைப் பார்த்ததில்லை. நெஞ்சில் கொஞ்சம் வாயு பிடித்தால்கூட, தீட்சை வாங்காமலே போய்விடுவேனோ என்று வியர்த்துவிடும்.

விரதம் தொடங்கியதிலிருந்து, காய் நறுக்குகிற பேச்சியம்மாள்தான் உப்புப் பார்த்துச் சொல்வாள். இன்று மற்றவர்களுக்கான ரசம் கொதித்தபோது அவள் வாழையிலை அறுக்கப் போயிருந்தாள்.

நாற்பது வருஷமாக அடுப்படியில் பழகிய கை. அது யாரைக் கேட்கும்? கரண்டியில் எடுத்தது, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டது, வாய்க்குக் கொண்டுபோனது. நக்கிய பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. பாதி உயிர் அங்கேயே போய்விட்டது.

யாரும் பார்க்கவில்லை. அதுதான் பெரிய தொல்லை. யாராவது பார்த்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். சொல்வதா, மறைப்பதா என்று அடுப்படிக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். துப்பினார். நாலு தடவை வாய் கொப்பளித்தார். கடைசியில் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

“நாக்குலதான் பட்டுச்சு சாமி. தொண்டைக்குப் போகலை.”

அடிகளார் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனால் விதி என்று வந்துவிட்டால் இளகுகிற ஆள் இல்லை.

“நாக்குல பட்டா முறிஞ்சதுதானே?”

“ஆமா சாமி.”

“அப்ப அடுத்த வருஷம்.”

மாசிலாமணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விம்மி விம்மி அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

“அடுத்த வருஷம் நான் இருக்கணுமே சாமி!”

“நானுந்தான் இருக்கணும்.”

அடிகளார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுகிறவரைத் தடுக்கவில்லை. அழுகை ஓய்ந்தபின் கேட்டார்.

“ரசம் எப்படி இருந்துச்சு?”

“சாமி?”

“நாப்பத்தாறு நாள் உப்பில்லாத சோறு. அதுக்கப்புறம் இன்னிக்கு ரசம். எப்படி இருந்துச்சுங்க?”

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது ஞாபகம் இருந்தது. கொப்பளித்த தண்ணீர் ஜில்லென்று இருந்ததுகூட ஞாபகம் இருந்தது. ரசம் மட்டும் ஞாபகத்தில் இல்லை.

“பயத்துல கவனிக்கலை சாமி.”

“விரதமும் போச்சு, ரசமும் போச்சா?”

மாசிலாமணி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

“அப்ப உப்புச் சரியா இருக்கான்னு இதுவரைக்கும் யாரும் பார்க்கலை. முப்பது பேர் சாப்பிட வரப்போறாங்க. போங்க.”

மாசிலாமணி அடுப்படிக்குப் போனார். மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, வாயில் வைத்தார்.

முதலில் புளி வந்தது. பிறகு மிளகு, தொண்டையோரம் மெதுவாக. அதற்கும் பின்னால் உப்பு.

இலைக்கட்டோடு உள்ளே வந்த பேச்சியம்மாள் திகைத்து நின்றாள்.

“என்னண்ணே இது! விரதம்?”

“முறிஞ்சிருச்சு.”

“ஐயோ! சரி, உப்பாச்சும் சரியா இருக்கா?”

கன்னத்தில் ஈரம் காயாத மாசிலாமணி கரண்டியை மறுபடி உள்ளே விட்டார்.

“இரு பேச்சி. இன்னும் பார்த்து முடிக்கலை.”